நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக் காதலி

இருதயராஜுக்கு அந்த வாரம் முழுக்க ஒரே சந்தேகம். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்த ஒரு பாரசீகக் கவிஞர் காய்ச்சலில் படுத்திருந்தபோது அவரைப் பார்க்க வந்தது கடவுளா, இல்லை பக்கத்துத் தெருப் பெண்ணா?

வேலை வெட்டி இல்லாதவனுக்கு வருகிற சந்தேகம் என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்கு இதுதான் வேலையே. ஆங்கிலப் புத்தகங்களின் கடைசியில், எந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று அகரவரிசையில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்களே, அந்தச் சொல்லடைவைத் தயாரிக்கிறவர் அவர். யாரும் படிக்காத பக்கங்களை எழுதிப் பிழைக்கிறவன் என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வார். கேட்டவர்கள் சிரிக்காவிட்டால், எழுத்தாளர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தானே என்று சேர்த்துக்கொண்டு, தானே சிரித்துவிடுவார்.

இந்த முறை சிங்கப்பூரில், அவருடைய கேலாங் வீட்டின் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது ஒரு தடித்த புத்தகம். பாரசீக சூஃபிக் கவிதைகளை மேற்கத்திய அறிஞர்கள் இருநூறு வருஷமாக எப்படிப் படித்தார்கள், எப்படியெல்லாம் தப்பாகப் படித்தார்கள் என்பது விஷயம். எழுதியவர் இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஹெப்பிள். அவர் அந்த அறிஞர்களில் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. இளவயதில் தான் எழுதியதையே ஓர் அத்தியாயத்தில் போட்டு மிதித்திருந்தார்.

சொல்லடைவு வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. எதுவானாலும் அதற்கென்று ஒரு தலைப்பு, ஓர் இடம். ரோஜாவும் மசூதியும் சொன்னபடி கேட்டு அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டன. மதுவில் கொஞ்சம் தடுமாற்றம். மது என்றால் மதுதான் என்று ஒரு கூட்டம், இல்லை, அது இறையனுபவம் என்று ஒரு கூட்டம். அதையும் இரண்டு தலைப்பாகப் பிரித்துச் சமாளித்தார். காதலியிடம் வந்தபோதுதான் வண்டி நின்றது.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு சின்னக் கவிதை. கவிஞர் காய்ச்சலில் கிடக்கிறார். அன்புக்குரிய ஒருவர் உள்ளே வருகிறார். நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறார். "மெலிந்துவிட்டாய்" என்கிறார். கிண்ணத்தில் எதையோ ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். அவ்வளவுதான். இதை முதலில் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனிக் கேப்டன். அரசாங்கக் காகிதங்களைப் படிப்பதற்காகப் பாரசீகம் கற்றுக்கொண்டு, அப்படியே கவிதைக்குள் வழுக்கி விழுந்தவர். வந்தது மதுக்கடைப் பெண் என்றார் அவர். அடுத்து வந்த பாதிரியார், அது திருச்சபை என்றார். ஜெர்மன் அறிஞர் ஒருவர் அது பிரபஞ்ச ஆன்மா என்று மூன்று பாகம் எழுதினார். கடைசியாகக் கலிஃபோர்னியாக்காரர் ஒருவர் வந்து, அது வேறு யாருமில்லை, நீயேதான் என்று சொல்லி, வாழ்த்து அட்டையில் அச்சடித்தும் விற்றுவிட்டார்.

பள்ளியில் தமிழ் வாத்தியார் நாயகன் நாயகி பாவம் என்று சொல்லிக்கொடுத்தபோது இருதயராஜுக்கு ஒரு குழப்பமும் வரவில்லை. பரீட்சையில் அதற்கு ஐந்து மார்க். எழுதினார், வாங்கினார், மறந்தார். ஏறக்குறைய அறுபதாவது வயதில் அந்தக் கேள்வி இப்படித் திரும்பி வந்து மேசையில் உட்காரும் என்று யார் கண்டது?

பேராசிரியருக்கு மின்னஞ்சல் போட்டார். நூற்றுப் பன்னிரண்டில் வருகிறவரை 'மண்ணுலகக் காதலி' என்ற தலைப்பில் சேர்ப்பதா, 'இறைவன்' என்ற தலைப்பில் சேர்ப்பதா?

மறுநாள் பதில் வந்தது. "ஆமாம்."

இதற்காகவெல்லாம் ஒரு மனிதன் தூக்கத்தைத் தொலைப்பானா என்றால், மாட்டான். இருதயராஜின் தூக்கத்தைக் கெடுத்தது வேறு. அது மீன் குழம்பு.

அவருடைய மனைவி லொரைன் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. அவர்கள் கோயிலில் ஆறுதல் குழு என்று ஒன்று இருந்தது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால், குழுவில் ஒருவர் ஒரு வருஷத்துக்கு அந்த வீட்டுக்கு வாராவாரம் போய், கொஞ்சம் ஜெபமும் கொஞ்சம் சாப்பாடும் கொடுத்து வர வேண்டும். இருதயராஜ் வீடு மிரண்டாவுக்கு ஒதுக்கப்பட்டது. மிரண்டா பாடகர் குழுவில் பாடுகிறவர், தேக்கா சென்டர் மாடியில் தையல் கடை வைத்திருப்பவர், அவரும் கணவரை இழந்தவர். புதன்கிழமை சாயங்காலம் வருவார். மூடி போட்ட டப்பாவில் மீன் குழம்பு. ஒரு அருள் நிறைந்த மரியே. அப்புறம் கடை வம்பு கொஞ்சம்.

ஒரு வருஷம் முடிந்தது. மீன் குழம்பு நிற்கவில்லை. இரண்டாவது வருஷத்தில் ஜெபம் நின்றது, குழம்பு நிற்கவில்லை.

வேறு யாராவதாக இருந்தால் காரணத்தைக் கேட்டிருப்பார்கள். இருதயராஜ் பிழை பார்த்துப் பழகியவர். பட்டியலிலிருந்து தன் பெயரை எடுக்க யாரோ மறந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினார். கேட்டால் பிழை தெரிந்துவிடும். தெரிந்தால் திருத்திவிடுவார்கள். ஆகவே தன் தொழில் தர்மத்தை மீறி, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பிழையைக் கண்டும் காணாமல் விட்டுவைத்திருந்தார்.

இதில் இன்னொரு சிக்கல். லொரைன் இருந்த காலத்திலிருந்து மிரண்டா அவரை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். அந்த அண்ணே எப்போதோ காணாமல் போயிருந்தது. எந்த வாரம் என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஒரு சொல் முதலில் எங்கே வருகிறது, கடைசியாக எங்கே வருகிறது என்று கண்டுபிடிப்பதையே தொழிலாக வைத்திருக்கிற ஆளுக்கு இது பெரிய அவமானம்.

பள்ளித் தோழன் நூர்தீனிடம் போனார். நூர்தீன் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவன். காலையில் தேக்காவில் கோப்பி குடிக்காவிட்டால் அவனுக்குப் பொழுது விடியாது. இருதயராஜ் நேரே விஷயத்துக்கு வரக் கூச்சப்பட்டு, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்.

"நீ முஸ்லிம். சூஃபி விஷயமெல்லாம் உனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"நீ கத்தோலிக்கன். போப்பாண்டவர் காலைல என்ன பசியாறுனாருன்னு சொல்லு பாப்போம்."

வேறு வழியில்லாமல் இருதயராஜ் மீன் குழம்புக்கு வந்தார். அண்ணே மறைந்த வரலாற்றையும் சொன்னார். நூர்தீன் கேட்டான், இப்போது அவங்க உன்னை எப்படித்தான் கூப்பிடுறாங்க?

"ஒண்ணும் சொல்றதில்ல. 'இந்தாங்க'ன்னு ஆரம்பிப்பாங்க."

நூர்தீன் கோப்பிக் குவளையைக் கீழே வைத்தான். "டேய், என் பொண்டாட்டி என்னை அப்படித்தான் கூப்பிடுறா. கல்யாணம் ஆன நாள்லேருந்து."

இருதயராஜ் மேசைமேல் சாய்ந்து முன்னால் வந்தார்.

"ஆனா கோழிக்கடைக்காரனையும் அப்படித்தான் கூப்பிடுறா லா," என்றான் நூர்தீன், நியாயத்துக்குக் கட்டுப்பட்டவனாக.

அந்த ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில் மிரண்டா பாடினார். என் அன்பே, என் உயிரே, நீ இல்லாமல் நான் இல்லை என்கிற வகைப் பாட்டு. நற்கருணை வாங்கப் போகிற வரிசையில் நின்றுகொண்டு, இதே வார்த்தைகள் வானொலியில் வந்தால் சினிமாப் பாட்டு, இங்கே வந்தால் திருப்பாட்டு, இடத்தைத் தவிர வேறென்ன வித்தியாசம் என்று இருதயராஜ் யோசித்தார். நற்கருணை வாங்கப் போகும்போது யோசிக்கிற விஷயமா இது என்று ஒரு பாவமன்னிப்பும் மனதுக்குள் கேட்டுக்கொண்டார்.

பூசை முடிந்ததும் மிரண்டாவே அவரிடம் வந்தார். கையில் பாட்டுப் புத்தகம். சுற்றி வளைக்காமல் சொன்னார். "மேக்ஸ்வெல் மெல்பர்னுக்கு வந்துடுங்க மம்மின்னு ஒரே புடியா நிக்கிறான். கடை வாடகை டெனன்சி இந்த மாசத்தோட முடியுது. புதுப்பிக்கவா வேணாமான்னு சனிக்கிழமைக்குள்ள சொல்லணும். நீங்க என்ன நினைக்கிறீங்க?"

மேக்ஸ்வெல் மிரண்டாவின் ஒரே மகன். இருதயராஜ் என்ன நினைத்தார் என்பது கர்த்தருக்குத்தான் வெளிச்சம். அவர் வாய் சொன்னது இது: "மெல்பர்ன்ல இப்ப குளிர் ஜாஸ்தி."

"செப்டம்பர்ல குறைஞ்சிடும்னு சொல்றான்."

"அப்ப சரி."

அப்ப சரி. எம்ஆர்டி ரயிலில் வீடு வரும்வரை அந்த இரண்டு சொற்களையும் அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கம் புரட்டினாலும் அதில் அர்த்தம் என்று ஒன்றும் இல்லை. சனிக்கிழமைக்குப் பிறகு புதன்கிழமை என்பது வெறும் புதன்கிழமையாகிவிடும் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. லொரைன் போனபிறகு ஒருமுறை வீடும் அப்படி வெறும் வீடாகியிருந்தது. அதை இன்னொரு தடவை தாங்குகிற உடம்பு தனக்கில்லை என்று அவருக்குத் தெரியும்.

திங்கள் காலை மிரண்டாவிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு படம். சூரியோதயம், மூலையில் ரோஜாப்பூ. நடுவே ஆங்கிலத்தில் இரண்டு வரி. 'விளக்கேற்றியவர் உள்ளே காத்திருக்க, நீயோ தெருவில் நின்று வெளிச்சத்தின் நீளத்தை அளந்துகொண்டிருக்கிறாய்.' கீழே கவிஞரின் பெயர். நம்ம நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து ஆளேதான்.

இருதயராஜ் பரபரப்பானார். பரபரப்பு வந்தது தப்பான இடத்தில். இந்த வரி மூலத்தில் இருக்கிறதா? பேராசிரியரின் ஒன்பதாம் அத்தியாயத்தை எடுத்தார். பாரசீகமே தெரியாத கலிஃபோர்னியாக்காரர் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றை எடுத்து, அதிலிருந்து தொழுகையை, நோன்பை, நபியை, அல்லாவையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே அனுப்பிவிட்டு, மீதி இருந்த ரோஜாவை வைத்து எப்படிக் கடை நடத்தினார் என்று அதில் விலாவாரியாக இருந்தது. ஆதாரமற்ற வரிகள் என்று பேராசிரியர் கொடுத்திருந்த பட்டியலில் இந்த விளக்கும் தெருவும் இருந்தன. இருதயராஜுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மிரண்டாவுக்கு உடனே தட்டச்சு செய்தார். இந்த வரிகள் எந்தக் கையெழுத்துப் பிரதியிலும் இல்லை, பிற்காலத்து இடைச்செருகல், கவிஞருக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது, மேலும் விவரங்களுக்கு இன்னின்ன பக்கங்கள்.

மிரண்டா ஒரு கட்டைவிரல் அனுப்பினார்.

அந்தக் கட்டைவிரலை நூர்தீனிடம் காட்டினார். நூர்தீன் திரையில் மேலே போய்ப் படத்தைப் பார்த்தான், கீழே வந்து பதிலைப் பார்த்தான், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தான்.

"ஒரு பொம்பள உன்கிட்ட 'நீ தெருவுல நிக்கிற'ன்னு சொல்லுது. நீ 'அப்படி ஒரு தெருவே இல்ல'ன்னு பதில் போட்டிருக்க. இதுக்குத்தான் யூனிவர்சிட்டி போய்ப் படிச்சியா?"

"அது சும்மா குட் மார்னிங் படமா இருந்தா? கோயில் குரூப்ல எல்லாருக்கும் அனுப்பியிருந்தா?"

"அனுப்பியிருக்காங்களா?"

கோயில் குழுவைத் திறந்து பார்த்தார்கள். அங்கே வேறொருவர் அனுப்பிய அந்தோணியார் படம்தான் இருந்தது. அதனால் மட்டும் ஒன்றும் உறுதியாகிவிடாது என்றார் இருதயராஜ். நூர்தீன் எழுந்து, தனக்கு வீட்டில் அரிசி வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அந்தப் புதன்கிழமை மிரண்டா வரவில்லை. பாடகர் குழு அங்கிகள் தைக்க நிறைய இருக்கிறது என்று செய்தி மட்டும் வந்தது. அங்கிதான் காரணமா என்று தெரியாமல் இருதயராஜ் ஒரு ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டார். வெள்ளிக்குள் சொல்லடைவை அனுப்ப வேண்டும். காதலிக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. பேராசிரியருக்கு இன்னொரு மின்னஞ்சல் எழுதினார். ஐயா, 'ஆமாம்' என்பதை எந்தத் தலைப்பின் கீழும் போட முடியாது, தயவுசெய்து ஒன்றைச் சொல்லுங்கள்.

இந்த முறை வெள்ளிக்கிழமை காலை பெரிய பதிலாக வந்தது. இளவயதில் அது கடவுள் என்று எழுதினேன், வேலை கிடைத்தது. நடுவயதில் அது பெண் என்று எழுதினேன், பதவி உயர்வு கிடைத்தது. இனி எனக்குக் கிடைக்க ஒன்றுமில்லை என்பதால் உண்மையைச் சொல்கிறேன். எனக்குத் தெரியாது. அந்த மனிதருக்குக் காய்ச்சல். யாரோ வந்தார்கள். அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. வந்தது யார் என்று பிரித்துப் பார்க்க அவருக்கு அப்போது தோன்றியிருக்காது, அது நம்முடைய வியாதி. எந்தத் தலைப்பு சின்னதோ அதில் போட்டுவிடுங்கள், பக்கம் கூடிப்போயிற்று என்று பதிப்பகத்தார் ஏற்கெனவே முனகுகிறார்கள்.

இருதயராஜ் இதை இரண்டு முறை படித்தார். ஒன்றும் தெளியவில்லை. ஆனால் உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

தேக்கா சென்டர் கீழே மீனும் காய்கறியும் விற்கிற ஈரச் சந்தையும் சாப்பாட்டுக் கடைகளும். மேலே துணியும் தையலும். வெள்ளிக்கிழமை மதியக் கூட்டத்தில் இடிபட்டு அவர் மாடி ஏறியபோது, மிரண்டா ஒரு பொம்மை உடம்புக்கு வெள்ளை அங்கியை மாட்டி, கீழ் விளிம்பை மடித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் கை நின்றது. வாங்க என்று ஸ்டூலைக் காட்டினார். இருதயராஜ் உட்காரவில்லை. வழியெல்லாம் தயார் செய்து வந்த வாக்கியங்கள் மாடிப்படியில் எங்கோ விழுந்துவிட்டிருந்தன. கையில் மிச்சமிருந்த ஒரே கேள்வியைக் கேட்டார்.

"ஆறுதல் குழு பட்டியல்ல என் பேரு இன்னும் இருக்கா?"

மிரண்டாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது, அந்தக் குழுவே இரண்டு வருஷத்துக்கு முன்னால் கலைந்துபோயிற்று என்றார். நடத்திக்கொண்டிருந்த அம்மா மகளோடு ஜோகூருக்குப் போய்விட்டாராம். பட்டியல் எங்கே என்றுகூட யாருக்கும் தெரியாதாம்.

"அப்ப நீங்க வந்தது?"

மிரண்டா ஊசிமுனையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "மொத வருஷம் கோயில் அனுப்புச்சு, வந்தேன். அப்புறம் பழக்கத்துல வந்தேன். அதுக்கப்புறம் என்னவா வந்தேன்னு எனக்கே தெரியல. நிஜமா தெரியல. உங்ககிட்ட கேட்டா ஏதாச்சும் தெரியும்னு பாத்தேன். நீங்க என்னடான்னா குளிரப் பத்திப் பேசுறீங்க."

இருதயராஜ் ஸ்டூலில் உட்கார்ந்தார். இத்தனை நாள் குழப்பம் முழுக்கத் தன் பக்கத்தில்தான் என்று நினைத்திருந்தார். அந்தப் பக்கத்தில் ஒரு பதில் பத்திரமாக இருக்கிறது, தனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை என்று நம்பியிருந்தார். அந்தப் பக்கத்திலும் இதே கதையா?

"இப்ப தெரியுதா?" என்று கேட்டார்.

"தெரியலன்னு இப்பதானே சொன்னேன்." மிரண்டா நாலைந்து குண்டூசிகளை எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டு அங்கிக்குத் திரும்பிவிட்டார்.

ஏதாவது சொல்ல வேண்டிய இடம் அது என்பது இருதயராஜுக்கே தெரிந்தது. வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு பெண் உள்ளே வந்தாள். கழுத்தில் அலுவலக அட்டை, கையில் துணிப்பை. மதிய இடைவேளையில் ஓடி வந்திருக்க வேண்டும். அட்டையில் நிவேதிதா என்று இருந்தது.

"ஆன்ட்டி, நீங்க கடைய மூடப் போறீங்கன்னு கீழ சொல்றாங்க. தீபாவளி ப்ளவுஸ் உங்ககிட்ட குடுக்கவா, இல்ல வேற எடம் பாக்கவா? ப்ளீஸ் ஆன்ட்டி, போன வருஷம் வேற எடத்துல குடுத்து நான் பட்டது போதும்."

மிரண்டாவுக்கு வாயில் ஊசி. நிவேதிதாவைப் பார்த்தார், பிறகு இருதயராஜைப் பார்த்தார். ஊசிகளை எடுத்துவிட்டுப் பேச எவ்வளவு நேரம் ஆகும்? எடுக்கவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்.

கீழே யாரோ மீன் வெட்டும் சத்தம் கேட்டது. இருதயராஜ் நிவேதிதா பக்கம் திரும்பினார்.

"குடும்மா. கடை இருக்கும். எங்கயும் போகல."

தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகம். நிவேதிதா அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஆன்ட்டி கடையில் இதுவரை பார்க்காத ஆள்.

"அங்கிள், நீங்க...?"

எதற்கும் ஒரு தலைப்புக் கண்டுபிடிப்பதில் முப்பது வருஷப் பழக்கம் உள்ளவர் இருதயராஜ். தேடிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

"இங்கதான்," என்றார்.

அது என்ன பதில் என்று நிவேதிதாவுக்கு விளங்கவில்லை. அவளுக்கு ப்ளவுஸ்தான் முக்கியம், பையைப் பிரித்துவிட்டாள். மிரண்டா ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து சின்ன ஊசித் திண்டில் குத்தினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, பில் புத்தகத்தையும் பேனாவையும் இருதயராஜ் பக்கம் தள்ளினார்.

"எழுதிக்குங்க. என் கை ஒழியல. பேரு நிவேதிதா. டெலிவரி அக்டோபர் மொத வாரம்."

இருதயராஜ் எழுதினார். நிவேதிதா. அதற்கு எதிரே, அக்டோபர். எழுதிய பிறகுதான் பேனா நின்றது. டெனன்சி முடிவது இந்த மாசம், ஆகஸ்ட். அக்டோபரில் ப்ளவுஸ் கொடுக்க வேண்டுமென்றால் கடை வேண்டும். கடை வேண்டுமென்றால் நாளைக்குக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படியானால்? இல்லை, தைத்து யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போகிற யோசனையா? நிமிர்ந்து மிரண்டாவைப் பார்த்தார். அவர் அந்தப் பெண்ணின் முதுகில் நாடாவைப் பிடித்து, குனிந்து எண்ணைப் படித்துக்கொண்டிருந்தார்.

"தோள் பதினாலரை."

இருதயராஜ் பதினாலு என்று எழுதினார். அக்டோபர் என்றதை ஆமாம் என்று எடுத்துக்கொள்வதா என்று யாரிடம் கேட்பது? நூர்தீனிடம் கேட்கலாம். வேண்டாம், அரிசி வாங்கப் போய்விடுவான்.

"பதினாலோட நிறுத்திட்டீங்க பாருங்க," என்றார் மிரண்டா. "அரை எங்க?"

இருதயராஜ் அரையையும் சேர்த்து எழுதினார்.